தலகாணிக்கு ரெண்டு சொட்டு லாவண்டர்

காலை ஏழு மணி. காக்களூரிலிருந்து மணவாள நகர் போகும் ஷேர் ஆட்டோவில், நைட் ஷிப்ட் முடித்த இரண்டு பெண்கள் எனக்கு எதிரே உட்கார்ந்தார்கள். இருவருக்கும் ஒரே கம்பெனி யூனிபார்ம்.

"தூக்கம் வர்லன்னு சொன்னா கம்பெனில எண்ணெய் பாட்டில் குடுக்கிறானுங்கடி," என்றாள் மூத்தவள்.

"இன்னா எண்ணெய்க்கா?"

"லாவண்டராம். தலகாணியில ரெண்டு சொட்டு வுட்டா மனசு அமைதியாவும், தூக்கம் வரும்னு ஒரு மேடம் வந்து கிளாஸ் எடுத்துச்சி. வுட்டேன். வாசனை நல்லாத்தான் கீது. ஆனா வாரத்துக்கு ஒரு ஷிப்ட் மாத்தினா எந்த எண்ணெய்டி தூக்கம் குடுக்கும்?"

"மேனேஜராண்ட சொல்றதுதானே?"

"சொன்னேனே! முந்தாநேத்து பிரஸ் மிஷின்ல கண்ணு சொக்கிப்போச்சி. பக்கத்துல இருந்தவ இழுக்கலன்னா விரலே போயிருக்கும். அழுதுகினே போய் சொன்னேன். 'அப்ப மூணு சொட்டு வுட்டுப் பாரும்மா'ன்றாரு."

இளையவள் சிரித்துவிட்டாள். மூத்தவளின் முகத்தைப் பார்த்ததும் அடக்கிக்கொண்டாள்.

மூத்தவள் பையிலிருந்து மடித்த தாள் ஒன்றை எடுத்தாள். "மாசம் பூரா ஒரே ஷிப்ட் குடுங்கன்னு எழுதிக்கீறோம். பதினோரு பேரு கையெழுத்து போட்டாச்சி. நீதான் வேலை பெர்மனென்ட் ஆவட்டும்னு ஒதுங்கிக்கினு கீற."

இளையவள் தாளை வாங்கி, கையெழுத்துகளை ஒவ்வொன்றாகப் படித்தாள். பிறகு கையை நீட்டினாள்.

"பேனா குடுக்கா. எறங்கறதுக்குள்ள போட்டுடறேன். ஊட்டுக்குப் போனா யோசிப்பேன்."