ரத்தத்தைக் கண்டால் மயங்கிய சிவப்பணுப் பேராசிரியர்

மேடையில் அமர்ந்திருக்கும் துறைத் தலைவர் அவர்களே, இதய அறுவை மருத்துவர் கராஸ்லாவோவ் அவர்களே, துணைவரை இழந்து நிற்கும் நெவியானா அம்மையார் அவர்களே, இறந்தவர் நினைவாகப் பகிர அவித்த கோதுமைக் கிண்ணத்தோடு வந்திருக்கும் ப்ளோவ்திவ் நகரத்துப் பெரியோர்களே!

பேராசிரியர் பாய்கோ ரங்கெலோவ் மறைந்துவிட்டார். ரத்தச் சிவப்பணுவின் சவ்வைக் கணினிக்குள் கட்டி எழுப்பிய கணித மேதை மறைந்துவிட்டார். ரத்தத்தைக் கண்டால் மயங்கி விழுகிற மேதை மறைந்துவிட்டார்!

சிரியுங்கள், தவறில்லை. ரத்தப் பரிசோதனைக் கூடத்து மருத்துவர் என்ற முறையில் அவரைத் தூக்கி நிறுத்தியவள் நான். முதன்முதலில் என் கூடத்துக்கு வந்தவர், வரிசையாக நின்ற குழாய்களைப் பார்த்தார்.

"டாக்டரம்மா, இதெல்லாம் தக்காளிச் சாறுதானே?"

"இல்லீங்க" என்றேன். சரிந்துவிட்டார்.

அவர் செய்த சிவப்பணு எப்படிப்பட்டது? ஆயிரக்கணக்கான ஸ்பிரிங்குகளைக் கோத்துப் பின்னிய வலை. அது வளையும், நெளியும், தன்னைவிடக் குறுகிய நாளத்திலும் நுழைந்து வரும். ஆனால் சவ்வின் பரப்பு நூற்றுக்கு மூன்று பங்கு கூடினாலே கிழிந்துபோகும். அந்த மூன்று பங்குக்காக அவர் போட்ட சண்டைகள் கொஞ்சமா! ஒன்று சொல்ல மறந்துவிட்டேன்: அவர் திரையில் சிவப்பணுக்கள் எல்லாம் பச்சை நிறம்.

பலவீனமான இதயத்துக்குத் துணையாக நம் மருத்துவமனைக்கு ஒரு பம்ப் வந்தது. கராஸ்லாவோவ் அதை வேகமாக ஓட்ட விரும்பினார். பாய்கோ குறுக்கே நின்றார்.

"வேகத்தைக் குறைங்க. பம்புக்குள்ள சுத்துற விசிறி இடுக்குல அணுவெல்லாம் கிழிஞ்சிடும்."

"யாரு சொன்னது? உங்க பச்சை அணுவா?"

"ஆமா, அதுதான் சொல்லுச்சு."

"நிஜ அணுவை நேருக்கு நேர் பாத்தா நிக்க மாட்டீங்க புரொபசர். உங்க பேச்சை நம்பி நான் பம்பை மாத்தணுமா?"

எல்லோரும் சிரித்தார்கள். பாய்கோ சிரிக்கவில்லை. கோட்டைக் கழற்றி, சட்டைக் கையைச் சுருட்டினார்.

"டாக்டரம்மா, ஒரு பை நிறைய எடுங்க. என் ரத்தத்தையே ஓடவிட்டுப் பாத்துடலாம்."

ஊசி உறையைவிட்டு வெளியே வரவில்லை. அதற்குள் விழுந்துவிட்டார்! தெளிந்ததும், "முடிஞ்சுதா?" என்றார்.

"இன்னும் தொடங்கவே இல்ல, பாய்கோ."

படுக்கவைத்து முகத்தில் துண்டைப் போட்டேன். துண்டுக்கு அடியிலிருந்து கராஸ்லாவோவைத் திட்டிக்கொண்டே இருந்தார். திட்டு நின்றால் மயக்கம் என்று அர்த்தம். அன்று திட்டு நிற்கவே இல்லை!

பாதி ரத்தத்தை மெதுவாகவும் பாதியை வேகமாகவும் பம்பில் ஓட்டினோம். அணுக்களை அடியில் படியவைத்துப் பார்த்தால், மெதுவாக ஓடியதன் தெளிநீர் வைக்கோல் மஞ்சள். வேகமாக ஓடியது? ரோஜா நிறம்! அணுக்கள் கிழிந்து சாயம் கசிந்திருந்தது.

கராஸ்லாவோவ் குழாயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "நீங்க சொன்ன வேகமே இருக்கட்டும், புரொபசர்" என்றார் பிறகு.

பாய்கோ குழாயைக் கேட்டார். வேண்டாம் என்றேன்.

"செத்தது என் அணு. நான் பாக்காம வேற யாரு பாப்பாங்க?"

பார்த்தார். "அழகான நிறம்" என்றார். விழுந்தார். இந்தமுறை தாங்கிப் பிடித்தவர் கராஸ்லாவோவ்! அன்று முதல் இருவரும் நண்பர்கள்.

அந்த மெதுவான பம்ப் காப்பாற்றிய தபால்காரர் எவ்திம் இதோ மூன்றாம் வரிசையில் இருக்கிறார். கைதட்டாதே எவ்திம், இது இரங்கல் கூட்டம்!

நண்பர்களே, பாய்கோ கடைசியாகத் தொடங்கிவைத்த கணக்கு அவர் அறைக் கணினியில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. வயதான ஓர் அணு, முதிர்ந்த அணுக்களை வடிகட்டும் மண்ணீரலின் இடுக்கில் நுழைந்திருக்கிறது. பாதி இந்தப் பக்கம், பாதி அந்தப் பக்கம். அறையைக் காலிசெய்யச் சொல்லியிருக்கிறீர்கள், தலைவர் அவர்களே. செய்கிறோம். ஆனால் அது கடந்துபோகும்வரை அந்த அறையின் சுவிட்சை எவரும் தொட விடமாட்டோம்! அவருடைய மாணவர்கள் முறைவைத்துக் காவல் இருப்பார்கள். கிழிந்துபோனால் கணக்கைத் திருத்தி மீண்டும் ஓட்டுவோம். இது இந்தச் சபையில் நாங்கள் தரும் வாக்கு.

இங்கே வரும் வழியில் எட்டிப் பார்த்துவிட்டுத்தான் வந்தேன். இன்னும் கிழியவில்லை.