சாய்த்த தட்டில் நிற்காத மணிகள்

பீங்கான் மணிகளை வாங்கும்போது மூட்டையில் அச்சடித்திருப்பதை நம்பக் கூடாது. ஒரு கைப்பிடி அள்ளி, லேசாகச் சாய்த்த சாப்பாட்டுத் தட்டில் விட்டுப் பார்க்க வேண்டும். நல்ல மணி ஒன்றுகூட நிற்காது. நிற்பவை சப்பையாக இருக்கும், அல்லது இரண்டு ஒட்டிப் பிறந்திருக்கும். தாது அரைக்கும் மில்லுக்குள் அவைதான் முதலில் தூளாகும்.

நீங்கள் சுரங்கப் பாதுகாப்பு அதிகாரி, தட்டும் மணியும் உங்களுக்கு எதற்கு என்று தோன்றலாம். வெர்ன் டாஸ்கர் எப்படி இறந்தார் என்பது அதில்தான் இருக்கிறது.

என் பெயர் அன்செல்ம் நோஸ்கே. குவீன்ஸ்லாந்தின் வடமேற்கில் இருக்கும் இந்தத் துத்தநாக ஆலையில் நான்கு வருடங்களாக அரைவைப் பொறியாளராக இருக்கிறேன். நான் வந்தபோது மில்லில் தாதுவோடு மணலைப் போட்டு அரைத்துக்கொண்டிருந்தார்கள். மணல் தாதுவை அரைப்பதைவிடத் தன்னை அரைத்துக்கொள்வதுதான் அதிகம். அதற்குப் பதிலாகப் பீங்கான் மணி போடலாம் என்று நான் சொன்ன அன்றே வெர்ன் எனக்குக் கோலி என்று பெயர் வைத்தார். அவர் இருபத்தாறு வருடமாக அந்த மில்லை ஓட்டியவர். அவர் வைத்தால் வைத்ததுதான்.

இங்கே செம்பட்டை முடிக்காரனை நீலம் என்பார்கள், ஆறடி ஆளைக் குட்டை என்பார்கள். அது பிரியத்தில் சொல்வது என்றும் சொல்வார்கள்.

“வாடா கோலி. பையில என்ன, இன்னும் கோலிதானா? முட்டி போட்டு ஆடலாம் வா” என்பார் சாப்பாட்டு அறையில், சாஸேஜ்களைத் திருப்பிப் போட்டபடி.

“என் பேரு அன்செல்ம், வெர்ன்.”

“அது உங்கம்மா உன்னத் திட்டுறதுக்கு வச்ச பேருடா. எங்களுக்கு எதுக்கு?”

எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். இருப்பதிலேயே பெரிய சாஸேஜை என் தட்டில் வைப்பார். பகை இருந்ததா என்று கேட்டீர்களே, அதனால் இதைச் சொல்கிறேன். பகை இல்லை. என் தலைக்கவசத்தில் கோலி என்று ஒட்டி வைத்தார். குடும்ப விழாவுக்கு வந்த என் ஐந்து வயது மகளுக்கும் சொல்லிக்கொடுத்தார். ஒரு மாதம் அவள் என்னை வீட்டில் அப்படித்தான் கூப்பிட்டாள்.

இப்போது தொட்டிக்கு வருகிறேன். மில்லுக்கு மேலே பன்னிரண்டு டன் மணல் கொள்ளும் இரும்புத் தொட்டி. அடியில் ஒரு கதவு, கீழ்த்தளத்தில் அதற்குப் பொத்தான். ஈர மணல் கதவைத் திறந்தாலும் இறங்காது, கெட்டிப்பட்டு நிற்கும். அப்போது கதவைத் திறந்து வைத்துவிட்டே வெர்ன் உள்ளே இறங்கி மிதிப்பார். மணல் மெதுவாகத்தான் நகரும், ஏணியைப் பிடிக்க நேரம் இருக்கும். விதிப்படி கதவை மூடிப் பூட்டுப் போட்டு, கயிறு கட்டி இறங்க வேண்டும். யாரும் செய்ததில்லை. அது வெறும் மணல்.

மணி அப்படி நிற்காது. அதற்காகத்தான் அதைத் தேர்ந்தெடுத்தோம்.

ஞாயிறன்று, முதல் சோதனைக்காக, என் மணிகளைத் தொட்டியில் நிரப்பினேன். மேலே ஒரு சாண் உயரத்துக்குப் பழைய மணலைப் பரப்பினேன். மணிகளில் தூசி படக் கூடாது என்பதற்காக. செவ்வாய் காலை பத்து மணிக்கு வெர்னிடம், பீங்கான் மணி சோதனை தள்ளிப்போய்விட்டது, மணல்தான் இருக்கிறது, கதவைத் திறந்தும் இறங்கவில்லை என்றேன். கதவு மூடியிருந்தது.

அவருக்கு ஒரே சந்தோஷம். ஏணியில் இறங்கும்போதே வாக்கி-டாக்கியில் பேசினார்.

“பாத்தியா? கடைசில மணல்கிட்டதான வந்து நின்ன?”

நான் பொத்தானை அழுத்தினேன்.

“இது என்னடா, மணலா இது? கால் வழுக்குது. டேய் கோலி, கதவ மூடு.”

நான் கேட்டது சின்ன விஷயம்.

“என் பேரச் சொல்லுங்க, வெர்ன்.”

“வெளாடாதடா கோலி. இடுப்பு வரைக்கும் வந்துருச்சு. ஏணி எட்டல.”

ஒரு லிட்டர் மணி இரண்டேகால் கிலோ இருக்கும். மார்பு வரை வந்துவிட்டால் மூச்சை வெளியே விடலாம். விட்ட இடத்தை மணிகள் எடுத்துக்கொள்ளும், திருப்பித் தராது. நல்ல உருண்டையாக இருந்தால் இன்னும் சீக்கிரம் எடுத்துக்கொள்ளும். என் மணிகள் மிக நல்ல உருண்டை. மூடும் பொத்தான் திறக்கும் பொத்தானுக்குப் பக்கத்திலேயே, இரண்டு விரல் தள்ளி இருந்தது. என் விரல் அதன் மேல்தான் இருந்தது. பெயரைச் சொல்லியிருந்தால் அந்த நொடியே மூடியிருப்பேன். இதை நீங்கள் எழுதிக்கொள்ளலாம். நான் கொடுமைக்காரன் இல்லை.

முதல் விசாரணையில், இரைச்சலில் எதுவும் கேட்கவில்லை என்றேன். வாக்கி-டாக்கியில் பேசுவதெல்லாம் கட்டுப்பாட்டு அறையில் பதிவாகும் என்று எனக்குத் தெரியாது. இன்று அதைப் போட்டுக் காட்டினீர்கள். நாற்பத்தோராவது நொடியில் அன்செல்ம் என்கிறார். காற்றே இல்லாத குரல், ஆனால் தெளிவாக இருக்கிறது. நான்கு வருடமாக அவருக்குத் தெரிந்துதான் இருந்திருக்கிறது.

அப்போது கேட்டதா என்கிறீர்கள். கேட்டது. இவ்வளவு அழகாகச் சொல்கிறாரே, இன்னொரு முறை சொல்லட்டும் என்று காத்திருந்தேன்.