சிவப்புத் துணி கட்டிய மரம்

என் தம்பி ரவிச்சந்திரனுக்குத் தேத்தண்ணீரில் சீனி தூக்கலாக இருக்க வேண்டும், ஐயா. அம்மா போனபிறகு அவனை வளர்த்தவள் நான். அவன் ருசி எனக்குத் தெரியும்.

குபோங் என்ற பிராணியை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். எங்கள் ஊர் கோலா பிலாவில் பிறந்து வளர்ந்தவர்களே பார்த்ததில்லை. பகலில் மரப்பட்டையோடு பட்டையாக ஒட்டிக் கிடக்கும். இருட்டினால் கைகால்களுக்கு நடுவிலுள்ள தோலை விரித்து மரத்துக்கு மரம் மிதந்து போகும். எங்கள் தோட்டத்தை ஒட்டிய காட்டில் அதை ஆராய வந்த இந்துஜாவுக்கு நான் உதவிக்குப் போனேன். ஒரு பெரிய மெரந்தி மரத்தில் குட்டியை வயிற்றோடு அணைத்தபடி ஒரு தாய் இருந்தது. எனக்குப் பிள்ளை இல்லை. தினமும் போய்ப் பார்த்தேன்.

பிறகு வீடமைப்புத் திட்டம் வந்தது. காட்டைத் தள்ளும் இயந்திரங்களில் ஒன்றை ஓட்ட வந்தவன் என் தம்பி.

நான் அந்த மரத்தில் சிவப்புத் துணி கட்டி, அடியில் எலுமிச்சம்பழம் வைத்தேன். தோட்டத்தில் அதற்கு ஒரே அர்த்தம்தான்: முனியாண்டி இருக்கிறார், கைவைக்காதே. மற்ற ஓட்டுநர்கள் ஒதுங்கிப் போனார்கள். தம்பி மட்டும் கீழே இறங்கிச் சிரித்தான்.

“அக்கா, இது ஒன் பழைய சேலதானே? முனியாண்டிக்கே சேல கட்டிவிட்ட ஆளு நீதான்லா.”

எல்லோரும் பார்க்க அதை அவிழ்த்துக் கை துடைத்துக்கொண்டான்.

“நாளைக்கு இதச் சாச்சிருவேன். கோவிச்சுக்காதக்கா.”

அவனுக்கு ஒன்றும் ஆகாவிட்டால் மற்ற ஓட்டுநர்களுக்கும் பயம் விட்டுப்போகும். பயம் போனால் மரமும் போகும். அந்தத் தாய்க்கு இருந்த ஒரே வேலி அந்தப் பயம்தான். நான் நிதானமாகத்தான் யோசித்தேன், ஐயா.

கொட்டகையில் பழைய களைக்கொல்லி மிச்சம் இருந்தது. அன்று அவன் தேத்தண்ணீரில் சீனியை இன்னும் கொஞ்சம் கூட்டிப் போட்டேன். அவன் ஃபிளாஸ்க்கைக் காலி செய்துவிட்டுத்தான் கொடுத்தான்.

ஆஸ்பத்திரியில் அவனுக்கு மூச்சு கொஞ்சம் கொஞ்சமாக அடைத்தது. என் கையை விடவே இல்லை.

“சாமி குத்தம்க்கா. அந்தத் துணியத் திருப்பிக் கட்டிரு. எனக்குப் பயமா இருக்கு.”

கட்டினேன். டாக்டர் விஷம் என்றார். விஷத்தைக் குடிக்க வைத்ததே சாமிதான் என்று தோட்டத்தில் பேசிக்கொண்டார்கள். அந்த மரத்தை யாரும் தொடவில்லை. அதை மட்டும் விட்டுவிட்டுச் சுற்றியிருந்த எல்லாவற்றையும் சாய்த்தார்கள்.

இப்போது செம்மண்ணுக்கு நடுவில் அது ஒற்றையாக நிற்கிறது. மிதந்து போக அடுத்த மரம் இல்லை. தாயையும் குட்டியையும் இந்துஜா தேடிப் பார்த்துவிட்டு, காணாமல் தன் ஊர் நீலாய்க்குத் திரும்பிப் போய்விட்டாள்.

நான் வெள்ளிக்கிழமைதோறும் துணி மாற்றப் போகிறேன். தூரத்திலேயே செருப்பைக் கழற்றிவிடுகிறேன். காற்றே இல்லாத நேரத்தில் அந்தத் துணி அசையும்போது கன்னத்தில் போட்டுக்கொள்கிறேன். முனியாண்டி பொல்லாதவர். என் தம்பியை எடுத்துக்கொண்டவர் அவர்தான், ஐயா. தேத்தண்ணீர் போட்டது மட்டும்தான் நான்.