தொப்பிக்காரனைக் கடிச்சிருக்கக் கூடாது

...இல்ல சார், நீங்களே நியாயத்தைச் சொல்லுங்க, அந்தத் தொப்பிக்காரன் சாக வேண்டிய ஆளா? பேசாம கேட்டுல நிக்கறான், காவல் காக்கறான், யார் வம்புக்கும் போறதில்ல. மத்தவங்கல்லாம் உள்ள உக்காந்து யாரு தலைவர்னு அடிச்சுக்கறாங்க. கடிச்சது யாரை? இவனை! மூணாவது வாரமே தீத்துக்கட்டிட்டாங்க சார். எழுதினவன் நல்லா இருப்பானா?

என்ன முழிக்கறீங்க? டிவி நாடகம் சார். ஜாம்பி நாடகம். ஊரே செத்து எந்திரிச்சு நடக்கும், மிச்சம் மீதி இருக்கற நாலு பேரு ஒரு கோட்டைக்குள்ள ஒளிஞ்சு பொழைக்கறது. வெளிநாட்டுப் பாஷை. கீழ நம்ம எழுத்துல வசனம் ஓடும்ல, அந்த மாதிரி. உள்ள இப்ப கண்ணுக்கட்டுப் பிரிக்கறாங்களே, எங்க மாமியார், அவங்களுக்கு அந்த நாடகம்னா உசுரு. நீங்க யாருக்காக வந்திருக்கீங்க? அப்பாவா? ஒரு கண்ணா, ரெண்டுமா? சரி சரி, உக்காருங்க, கூப்பிட நேரமாகும்.

எங்க விட்டேன்... ஆங். மாமியாருக்குக் கண்ணுல புரை. ஆளு அசையறது தெரியும், மூஞ்சி தெரியாது. எழுத்து சுத்தமாத் தெரியாது. என் பொண்டாட்டிக்கு சாயங்கால ஷிப்ட்டு. மச்சான் காதுல எதையாவது மாட்டிக்கிட்டு மாடிக்குப் போயிடுவான். அப்ப யாரு படிச்சுச் சொல்றது? நான்தான். வீட்டோட மாப்பிள்ளை சார் நான், சொல்றதுக்கென்ன வெக்கம். லிஃப்ட் ரிப்பேர் வேலை. நாள் முழுக்க மேலயும் கீழயும் போயிட்டு வர்றேன், வாழ்க்கையில ஒரு மாடி ஏறல. அந்த வீட்டுல எனக்குப் பேரே கிடையாது சார். 'அவ வீட்டுக்காரர் சாப்பிட்டாச்சா?'ம்பாங்க... நான் எதிர்லயே நிப்பேன்!

அன்னிக்குத் தொப்பிக்காரனைக் கடிச்சதும், 'ஐயோ, என்ன ஆச்சு?'ன்னு கேட்டாங்க. செத்துட்டான்னு சொல்ல எனக்கு வாய் வரல. 'ஒண்ணுமில்ல அத்தை, லேசாப் பிராண்டல்'னுட்டேன். 'யாரு அவன்?'னாங்க. 'அதோ அந்த வயசான அம்மாவோட மாப்பிள்ளை. வீட்டோட இருக்கான். ஒருத்தரும் மதிக்கறதில்ல, ஆனா கோட்டையே அவனாலதான் நிக்குது'ன்னேன். அவ்வளவுதான். 'அப்படியா!'ன்னு நிமிந்து உக்காந்தாங்க.

அப்புறம் நிறுத்த முடியுமா? தொப்பி போட்டு எவன் வந்தாலும் மாப்பிள்ளைதான். ஒரு வாரம் தொப்பியே இல்ல சார்! நீளமாக் கோட்டு போட்டுக்கிட்டு ஒரு பொம்பளை வந்தா... அவளைக் காட்டி மாப்பிள்ளைன்னுட்டேன். 'குரல் ஏன் இப்படி?'ன்னாங்க. பனியில நின்னு தொண்டை கட்டிக்கிச்சுன்னேன். 'பாவம், ஒரு வாய் வெந்நீர் குடுக்க ஆளில்ல'ன்னு மூக்கை உறிஞ்சறாங்க! இன்னொருத்தன் இருக்கான், டாக்டர். கதைப்படி தங்கமான மனுஷன். அவனை மச்சானாக்கிட்டேன். திங்கறதும் தூங்கறதும்தான் வேலை, கேட்டைத் திறந்து போட்டு ஜாம்பியை உள்ள விட்டதே அவன்தான்னு அளந்து விட்டேன். மறுநாள்லேருந்து ராத்திரியானா மாமியார், பெத்த பிள்ளையைப் பாத்து, 'டேய், கேட்டைச் சாத்து, உன்னாலதான் ஊரே அழியுது'ங்கறாங்க! அவன் பேயறைஞ்ச மாதிரி நிக்கறான்.

சிரிக்கறீங்க நீங்க. கீழ் வீட்டம்மாவும் இதே நாடகம் பாக்கறாங்க சார். ஒருநாள் வந்து, 'மாப்பிள்ளையா? அப்படி யாரும் இல்லையே'ன்னாங்க. மாமியார் அசரணுமே! 'உனக்குப் பார்வை மட்டு, நல்ல டாக்டராப் பாரு'ன்னு அனுப்பிட்டாங்க.

ஆனா வீட்டுல காத்து திசை மாறிடுச்சு சார். அதை ஒத்துக்கணும். 'மாப்பிள்ளை வந்தாச்சா, காபி ஆறிடப் போகுது.' மாப்பிள்ளை! கல்யாணமாகி இத்தனை வருஷத்துல முதல் தடவையா அந்த வாயிலேருந்து வந்துச்சு. வாசல் சாவி ஒண்ணு என் கையில குடுத்தாங்க. அதுவரைக்கும் மணியடிச்சுட்டு வெளிய நிக்கறவன் சார் நான், கேபிள்காரன் மாதிரி.

அப்ப எதுக்குக் கண்ணு ஆபரேஷனுக்குக் கூட்டிட்டு வந்தேன்னு கேக்கறீங்களா? கேளுங்க, நல்லாக் கேளுங்க. மச்சான் ஏற்பாடு பண்ணானா? என் பொண்டாட்டியா? யாருமில்ல. எல்லாம் இந்த வாய்! போன மாசம் நாடகத்துல ஒண்ணுமே நடக்கல, காட்டுக்குள்ள நடந்துக்கிட்டே இருக்காங்க. அத்தைக்குக் கொட்டாவி. விட்டுத் தொலைச்சிருக்கலாம்ல? நான் ஆரம்பிச்சேன். 'அத்தை, அந்த அம்மாவுக்குக் கண்ணு மங்கிக்கிட்டே வருது. பெத்த பிள்ளை கண்டுக்கல. மாப்பிள்ளை மட்டும் அத்தனை ஜாம்பிக்கும் நடுவுல தனியா டவுனுக்குப் போறான்... கண் டாக்டரைத் தோள்லயே தூக்கிட்டு வர்றான்!' திரையில என்ன ஓடுதுங்கறீங்க? ஒருத்தி செருப்புக்குள்ள போன கல்லை எடுத்துக்கிட்டு இருக்கா.

அத்தை முந்தானையால கண்ணைத் துடைச்சுக்கிட்டாங்க. அப்புறம், 'அந்த அம்மா குடுத்து வச்சவ'ன்னாங்க. அதுக்கு மேல நான் என்ன சார் பண்ண முடியும்? லீவு போட்டுட்டு நேரா இங்கதான்.

இருங்க, கதவு திறக்குது... அத்தை! மெதுவா, மெதுவா, கையைக் குடுங்க. ...ஆமா, நான்தான். ...தெரியுதா? அந்தச் சுவத்துல எழுதியிருக்கறதா? கீழ இருக்கற பொடி எழுத்துகூடவா! ...சந்தோஷம் அத்தை. ரொம்ப... ரொம்ப சந்தோஷம். ...என்னது, நாடகமா? இன்னிக்கேவா? டிவி பாக்கலாம்னு டாக்டரே சொல்லிட்டாரா... சார், நீங்களாவது சொல்லுங்க சார், கண்ணுக்குக் கெடுதல்னு... சார்? அட, எந்திரிச்சுப் போறாரு பாரு.

...முதல் வாரத்துலேருந்தா? எதுக்கு அத்தை, தெரிஞ்ச கதைதானே... ஓ. அந்த மாப்பிள்ளைப் பையன் மூஞ்சியைக் கண்ணாரப் பாக்கணுமா.

பாக்கலாம் அத்தை. தாராளமாப் பாக்கலாம். நானும் பக்கத்துலயே உக்காந்திருக்கேன். ஆனா மூணாவது வாரத்துல ஒரே ஒரு இடத்துல மட்டும், நான் சொல்லும்போது, கொஞ்சம் கண்ணை மூடிக்கங்க.