மூலை சீட்டு ஸ்வெட்டர்

இரவு எட்டே முக்கால். ஆபீஸ் பின்கதவிலிருந்து பஸ் நிறுத்தம் வரைக்கும் ஒரு சாலை… வீடு கிடையாது, கடை கிடையாது, இரண்டு பக்கமும் கோடவுன் சுவர். அதில் ஒருத்தி செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடுகிறாள். வேறு யாருமில்லை, என் சகலையின் தங்கைதான். சிரிக்கிறவர்கள் இப்போதே சிரித்துக்கொள்ளுங்கள்.

பெரிய இன்சூரன்ஸ் கம்பெனி. செத்தவர்களின் கிளெய்ம் பார்க்கிற பிரிவு. பதினொரு பேர் பார்த்த வேலைக்கு நாலு பேர். ஆளைக் குறைத்தார்கள், ஃபைல் குறையவில்லை. சாவு என்ன, மேனேஜரைக் கேட்டுக்கொண்டா வருகிறது?

மேனேஜருக்குப் பட்டப்பெயர் சுற்றறிக்கை. ‘நாமெல்லாம் ஒரே குடும்பம்’ என்று வாரத்துக்கு ஒன்று விடுவார். இரவு ஒன்பதுக்கு ரவுண்டு. போனிலிருந்து கண்ணை எடுக்காமல், ஏசி குளிருக்காக நாற்காலிகளில் தொங்கும் ஸ்வெட்டர்களை எண்ணிக்கொண்டு போவார். ஸ்வெட்டர் இருந்தால் ஆள் இருக்கிற கணக்கு. அதனால் அவசரமென்றால், “எனக்குப் பதிலா நீ பாத்துக்கோ, நாளைக்கு உனக்கு நான்” என்று பக்கத்து சீட்டில் சொல்லி, ஸ்வெட்டரைக் காவல் வைத்துவிட்டு நழுவுவது அங்கே வழக்கம்.

மூலை சீட்டு அண்ணன் மார்ச் மாதம், முத்திரை குத்திக்கொண்டிருந்தபடியே மேசையில் சாய்ந்தார். நெஞ்சு. அவருடைய பழுப்பு ஸ்வெட்டரை எடுக்க யாருக்கும் மனம் வரவில்லை. சுற்றறிக்கை அதையும் எண்ணினார். “அவரைப் பாருங்கய்யா… ஒரு நாளாவது சீக்கிரம் கிளம்புறாரா?” இரங்கல் கடிதத்தில் கையெழுத்துப் போட்டவரும் அவர்தான்.

அன்றைக்கு வீட்டிலிருந்து கணவன் போன் செய்தான். ஆறு வயது மகளுக்குக் காய்ச்சல் நூற்று மூன்று. “எனக்கு நைட் ஷிப்ட். பிள்ளையைத் தனியா விட்டுட்டா போறது?”

சுற்றறிக்கை முன்னால் போய் நின்றாள். “சார், இன்னிக்கு மட்டும்…”

“எனக்கும்தாம்மா குடும்பம் இருக்கு. தினக் கணக்கு முப்பத்திரண்டு ஃபைல். முடிச்சுட்டுத் தாராளமா போங்க.”

பாக்கி பதினாறு. பக்கத்து சீட்டுக்காரிகள் தலை நிமிரவில்லை. இவள் ஸ்வெட்டரோ சலவையில். பழுப்பு ஸ்வெட்டரை எடுத்துத் தன் நாற்காலியில் மாட்டினாள். பழக்கதோஷம்… வாயில் வந்துவிட்டது.

“எனக்குப் பதிலா பாத்துக்குங்கண்ணே. நாளைக்கு உங்களுக்கு நான்.”

சாலையில் பாதி தூரம். பின்னால்… தட். நின்றாள். ஒன்றுமில்லை. ஓடினாள். தட்… தட். ரப்பர் முத்திரை மேசையில் விழுகிற சத்தம். காற்றில் தைலமும் மசியும் கலந்த வாசனை. அண்ணனின் வாசனை. திரும்பிப் பார்க்கவில்லை.

விடிய விடியப் பிள்ளை நெற்றியில் ஈரத்துணி. விடிந்ததும் காய்ச்சல் விட்டது.

ஆபீஸில் முப்பத்திரண்டு ஃபைலும் முத்திரையோடு அடுக்கி வைக்கப்பட்டிருந்தன. சுற்றறிக்கை பூரித்துப்போனார். “பாத்தீங்களா? மனசு வெச்சா முடியும்!” ஸ்வெட்டரைத் தொட்டாள்… உடம்புச் சூடு. அப்போதே ராஜினாமா எழுதி அவர் மேசையில் வைத்துவிட்டு இறங்கினாள். ஸ்வெட்டர் அவள் நாற்காலியிலேயே கிடந்தது.

எட்டு மாதமாயிற்று. ஆபீஸில் இன்னும் ஒரு ஆளைக் குறைக்கப் போகிறார்கள் என்று பேச்சு. காலையில் எழுந்தால் வலது தோள் கழன்று விழுகிறது போல வலி. கட்டைவிரலில் ஊதா மசி. தேய்த்தாலும் போவதில்லை.

பிள்ளை பக்கத்தில்தான் படுக்கும். நூறு வரைக்கும் எண்ணப் படித்திருக்கிறது. தூக்கத்தில் அம்மா கை மெத்தையைக் குத்துமாம்… தட், தட். எண்ணுமாம். தினமும் முப்பத்திரண்டு.

போன செவ்வாய்க்கிழமை காலை, பல் தேய்த்துக்கொண்டே சொல்லியிருக்கிறது:

“அம்மா, நேத்து நாப்பதும்மா.”