ஆறாயிரத்தில் ஒரு பாட்டு

சோப்பு விஷயத்தில் நான் சிக்கனக்காரன். ஒரு கட்டியை இரண்டாக வெட்டி இரண்டு மாதம் ஓட்டுவேன். முழுக் கட்டியை ஒரே நாளில் தீர்த்தது வாழ்க்கையில் ஒரு தடவைதான். அதைத்தான் நீங்கள் எழுதித் தரச் சொல்கிறீர்கள், சார்ஜென்ட்.

என் பெயர் ஆர்வில் ஸ்டிட். கிளீவ்லாந்து வானொலியில் செவ்வாய்தோறும் மாலை நடக்கும் 'வாத்தியக்காரரை மடக்குங்கள்' நிகழ்ச்சியில் இரண்டாவது டிராம்போன் ஊதுபவன். அரங்கத்தில் யாராவது எழுந்து ஒரு பாட்டின் பெயரைச் சொல்வார். பத்து விநாடிக்குள் எங்கள் குழு வாசித்துவிட்டால் அவர் உட்கார வேண்டியதுதான். நாங்கள் திணறினால் அவருக்கு ஒரு பெட்டி சோப்பு. கூடவே, அப்படி ஒரு பாட்டு உண்டு என்று நிரூபிக்க அதை முழுவதும் பாடிக் காட்ட வேண்டும். ஊரே கேட்கும்.

நான் ஒரு பாட்டு கட்டியிருந்தேன். 'டோலிடோவில் என் தொப்பி'. பதினொரு வருஷமாக எந்தப் பதிப்பாளரும் அதைச் சீண்டவில்லை. அதனால் என் வீட்டுக்கார அம்மாள் மிஸஸ் ஹல்பர்ட்டுக்கு ஆறு வாரம் சொல்லிக்கொடுத்து அரங்கத்தில் உட்கார வைத்தேன். அச்சாகாத பாட்டு யாருக்குத் தெரியப்போகிறது?

வெண்டெல் கிராட்ஸுக்குத் தெரிந்திருந்தது. எனக்கு முன் வரிசையில் கிளாரினெட் வாசிப்பவன். ஆறாயிரம் பாட்டை மண்டைக்குள் வைத்திருந்தான். அம்மாள் வாயை மூடுவதற்குள் நாலு அடி வாசித்துவிட்டான். மணி அடித்தது. 'பழைய பாட்டு' என்று அறிவிப்பாளர் தள்ளிவிட்டார்.

"ஏம்ப்பா, அது நீ கட்டுன பாட்டா?" என்றான் வெண்டெல் பிறகு. "டிரெஸ் மாத்துற ரூம்ல நீ தெனமும் பாடுறதைக் கேட்டு, ஏதோ சாவு வீட்டுப் பாட்டுன்னுல்ல நெனச்சிருந்தேன்."

மனசு விட்டுப்போயிற்று. ஆனாலும் நான் சிரித்தேன்.

ஒலிபரப்புக்கு முன்னால் பின்படிக்கட்டு வழியாகப் போய் ஒரு சிகரெட் பிடிப்பது அவன் வழக்கம். வேறு யாரும் அந்தப் பக்கம் போவதில்லை என்று உறுதி செய்துகொண்டேன். யாருக்கும் தீங்கு நினைக்காதவன் நான். அடுத்த செவ்வாய், விளம்பரதாரரின் சோப்பையே நனைத்து ஏழு படியிலும் தேய்த்தேன். ஆமாம், நான்தான்.

அன்று மிஸஸ் ஹல்பர்ட்டின் தங்கை எழுந்து பாட்டுக்கு வேறு பெயர் சொன்னார். வெண்டெல் இல்லாத குழு திணறியது. அவர் மூன்று சரணமும் பாடினார். அதற்கு வந்தது ஒரே கடிதம். தன் வானொலிப் பெட்டி கெட்டுவிட்டதா என்று ஒருவர் கேட்டிருந்தார்.

வெண்டெலுக்குப் பின்மண்டையில் அடி. ஆரஞ்சு வாங்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். அவன் மனைவி லூயெல்லா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

"என் பேரைக் கேட்டா முழிக்கிறாரு, ஆர்வில். அத்தனை பாட்டும் போயிடுச்சு. இந்த எழவெடுத்த ஒண்ணை மட்டும் நாள் பூரா முனகுறாரு. எங்க புடிச்சாருன்னே தெரியலை."

கேட்டேன். என் தொப்பி, டோலிடோவில். எனக்கும் கண் கலங்கிவிட்டது. அடக்கம் கருதி எதுவும் சொல்லவில்லை. பக்கத்துப் படுக்கைக்காரர் வேறு அறை கேட்டு மன்றாடுகிறாராம். ரசனை எல்லோருக்கும் வாய்ப்பதில்லை.

ஆறாயிரம் பாட்டு போட்டியிட்டு ஒன்றுதான் நின்றிருக்கிறது, சார்ஜென்ட். இவ்வளவு நேர்மையான போட்டி எங்கள் வானொலியில் நடந்ததே இல்லை.