பேச்சைப் பதியிற லைசென்ஸ்

— இப்பதான் பில்லைப் பார்த்தன். வருசா வருசம் கட்டணுமாம்! பிரஷாந்தி, உனக்கு மண்டை பிசகிற்றா? ஆறு பேர் வேலை செய்ற ஐஸ் கொம்பனிக்கு என்னத்துக்கு இந்த ரெலிபோன்?

— கத்தாதீங்க அண்ணன். வெளியால வேலையாக்கள் கேக்காங்க.

— கேக்கட்டும்! நான் ரவுன் முழுக்க அலைஞ்சி விலை கேட்டு வந்தன். நாப்பத்தையாயிரம். ஒரு பெட்டி, அதில நாலு மேசைக்கும் போன். மறுகா ஒரு சதம் கட்டத் தேவல்ல. நீ கொழும்பு ஆளைக் கூப்பிட்டு எண்பதாயிரத்துக்குப் பூட்டியிரிக்காய். அதுக்கு மேல போனுக்குப் போன் லைசென்ஸ் மூவாயிரம். மறுகா பேச்சைப் பதியிறதுக்கு வேற பன்னிரண்டாயிரம்! நாம என்ன வங்கியா நடத்திறம்?

— உங்கட பெட்டியில அஞ்சாவது போன் போட ஏலாது. போடணுமெண்டா பெட்டியையே மாத்தணும். அதையும் விலை கேட்டீங்களா?

— அஞ்சாவது போன் ஆருக்கு? சுனாமில கல்லடியில இருந்த நம்மட கொம்பனி சுவரோட போச்சி. நாலு வருசமா நானும் உன்ட புருசனும் லோன் எடுத்து, மாரடிச்சி இதை நிமித்தினம். கனகசிங்கம் எழும்பி நடந்தா உன்னைக் கேப்பான்.

— அவர்ட பேரை எடுக்காதீங்க!

— ஏன் எடுக்கக் கூடா? என்ட மச்சான் அவன்!

— உங்கட மச்சான் ரெண்டு காலும் முறிஞ்சி ஆஸ்பத்திரியில கிடக்கார். கப்பம் கேட்டு முதல் கோல் வந்த அண்டைக்கே இதைப் பூட்டச் சொன்னன். பேசுறவன்ட குரலாவது நம்மட கையில இரிக்கட்டும் எண்டு.

— குரலை வச்சி என்ன செய்வாய்? வன்னியில சண்டை நடக்கிற இந்த நேரத்தில பொலிசுக்குக் கொண்டு போவியா? உன்னையும் தூக்கிருவானுகள் புள்ள! நாளைக்கே அந்த ஆளைக் கூப்பிட்டு பதியிறதை நிப்பாட்டு. பதிஞ்சி இரிக்கிறதையும் அழிக்கச் சொல்லு.

— அதுக்குத்தானா இவ்வளவு கத்தல்?

— காசு போகுதெண்டு கத்துறன்!

— அப்ப கேளுங்க. போன செவ்வாய் அவர் செட்டிபாளையத்து மீன் முதலாளிமார்ட காசை வாங்கிற்று குருக்கள்மடத்தால வாறது எனக்கும் உங்களுக்கும்தான் தெரியும். கப்பம் கேட்டவனுகள் சொல்லி வச்ச மாதிரி நடுரோட்டில மறிச்சி அடிச்சிரிக்கானுகள்.

— ஆராவது பார்த்திரிப்பானுகள். சைக்கிள் கடையில நிண்டவனுகள், ஆர் கண்டது?

— அண்டைக்குக் காலமை, அவர் வெளிக்கிட்ட கையோட, உங்கட மேசையில இருந்து ஒரு கோல் போயிரிக்கு. அதையும் இந்தப் பெட்டி பதிஞ்சிரிக்கு. நான் இன்னும் கேக்கல்ல அண்ணன். தனியக் கேக்க மனம் வரல்ல. இப்ப போடவா?

— வேணாம்... போடாத புள்ள. காசை மட்டும் எடுக்கிறம் எண்டுதான் சொன்னானுகள். காலை முறிப்பம் எண்டு சொல்லல்ல.